பழைய படத்தைத் துலக்கப் போகிற தங்கைக்கு

அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் ஆல்பங்களையெல்லாம் எடுத்து வந்து கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். நல்ல காரியம், தள்ளிப் போடாதே. தொடங்கும் முன் அக்கா சொல்வதைக் கொஞ்சம் கேட்டுக்கொள். எந்த சாஃப்ட்வேர் நல்லது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது பிறகு வருகிற விஷயம். படம் எவ்வளவு தெளிவாக வரும் என்பது பெரும்பாலும் ஸ்கேன் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. மங்கிப்போய் உள்ளே ஒளிந்திருப்பதைக் கம்ப்யூட்டர் வெளியே கொண்டுவரும். உள்ளே இல்லாததை அதனால் கொண்டுவர முடியாது. கொண்டுவந்ததாகக் காட்டினால் அது இட்டுக்கட்டியது. இந்த வித்தியாசம் தெரிந்தால் எங்கே கைவைக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று உனக்கே தெரிந்துவிடும்.

ஆல்பத்தைப் பிரிக்கும் முன் பெட்டியின் அடியிலும் ஸ்டூடியோ கவர்களுக்குள்ளும் நெகட்டிவ் கிடக்கிறதா பார். அத்தை எதையும் எறிகிற ஆள் இல்லை, கிடைக்கும். பிரிண்ட்டில் ஒரே கறுப்பாக அடைந்துபோன கூந்தலும், ஃப்ளாஷ் வெளிச்சத்தில் வெளுத்துப்போன பட்டுச் சட்டையும் நெகட்டிவில் பல சமயம் விவரத்தோடு இருக்கும். பிரிண்ட் தாளால் காட்ட முடிவதைவிட நெகட்டிவ் பிடித்து வைத்திருக்கும் வெளிச்ச வேறுபாடு அதிகம். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் 24க்கு 36 மி.மீ. இருக்கும். டிபிஐ என்பது ஒரு இன்ச் நீளத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கு, அவ்வளவுதான். அந்தப் படத்தை 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 2270க்கு 3400 பிக்சல் கிடைக்கும். சுவரில் மாட்டும் படத்துக்கு அது போதும். ஆனால் மூடியிலும் விளக்கு உள்ள ஸ்கேனர் வேண்டும், வீட்டிலிருக்கும் ஆல்-இன்-ஒன் பிரிண்டரில் நெகட்டிவ் வராது. கலர் நெகட்டிவை நேர்ப்படமாக மாற்றும்போது நீலம் தூக்கலாக வந்தால் பயப்படாதே. நெகட்டிவில் இயல்பாகவே உள்ள ஆரஞ்சு நிறம் தலைகீழாகி அப்படித் தெரிகிறது. பின்னால் சொல்லும் லெவல்ஸ் முறையில் அது அடங்கிவிடும்.

சில ஃபிலிம் ஸ்கேனர்களில் அகச்சிவப்பு ஒளியால் தூசியையும் கீறலையும் கண்டுபிடித்துத் தானே நீக்கும் வசதி உண்டு. கலர் நெகட்டிவுக்கு அது அருமையாக வேலை செய்யும். பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவை வைக்கும்போது மட்டும் அணைத்துவிடு. கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகளால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பை மறைப்பதால், ஸ்கேனர் முகத்தையும் தூசிக் கணக்கில் சேர்த்து அழித்துவிடும்.

பிரிண்ட்டை ஸ்கேன் செய்யும்போது

உலகில் முதன்முதலாகக் கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து ஏற்றிய போட்டோ ஒரு குடும்பப் படம்தான், தெரியுமா? 1957ல் அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனத்தில் வேலை பார்த்த ரஸ்ஸல் கிர்ஷ் தன் மூன்று மாதக் கைக்குழந்தையின் படத்தை ஏற்றினார். ஐந்து சென்டிமீட்டர் சதுரப் படம், 176க்கு 176 பிக்சல். மொத்தமே 31 ஆயிரத்துக்கும் குறைவான புள்ளிகள். இன்று நீ ஒரு 4க்கு 6 இன்ச் போட்டோவை 600 டிபிஐயில் எடுத்தால் 2400க்கு 3600, அதாவது 86 லட்சம் புள்ளிகள் வரும். டிபிஐ என்பது ஒரு இன்ச் நீளத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கு, அவ்வளவுதான்.

போஸ்ட்கார்டு அளவுப் படங்களுக்கு 600 வை. பிரிண்ட் தாளில் அதற்கு மேல் பெரிதாக எதுவும் ஒளிந்திருக்காது. டிபிஐயைக் கூட்டினால் ஃபைல்தான் பருக்கும். பாஸ்போர்ட் சைஸ் படம், முகம் பொட்டளவு தெரியும் பள்ளிக்கூட குரூப் போட்டோ, இவற்றுக்கு மட்டும் 1200 வை. 35க்கு 45 மி.மீ. பாஸ்போர்ட் படத்தை 1200ல் எடுத்தால், 300 டிபிஐ கணக்கில் ஐந்தரைக்கு ஏழு இன்ச் வரை பெரிதாக்கலாம். ஸ்கேனர் பெட்டியில் 9600, 19200 என்றெல்லாம் எழுதியிருக்கும். அது சாஃப்ட்வேர் நடுநடுவே புள்ளிகளை நிரப்பிச் சொல்லும் எண். ‘ஆப்டிக்கல்’ என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்.

ஸ்கேனர் சாஃப்ட்வேரில் ஆட்டோ என்ஹான்ஸ், ஷார்ப்பன், டஸ்ட் ரிமூவல் என்று இருப்பதையெல்லாம் அணைத்துவிடு. அந்த வேலைகளைப் பின்னால் நீயே கண்ணால் பார்த்துச் செய்யலாம். அது செய்துவிட்டால் திருப்ப முடியாது. கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். ஏன் என்று சற்று நேரத்தில் சொல்கிறேன். ஃபைலை டிஃப் வகையில் சேமி. ஜேபெக் ஃபைலைத் திறந்து திருத்தி மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விவரம் போகும். அது படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று அது நினைப்பதைக் கழித்துவிடுகிறது. முகத்தைப் பெரிதாக்கினால் கன்னத்தில் கட்டம் கட்டமாகத் தெரிவது அதனால்தான். 4க்கு 6 படம் 600 டிபிஐ டிஃப்பில் சுமார் 26 எம்பி வரும். ஐநூறு படம் என்றாலும் 13 ஜிபிதான், இன்றைக்கு அது ஒரு இடமே இல்லை.

ஸ்கேனர் கண்ணாடியை மைக்ரோஃபைபர் துணியால் துடை. திரவம் தேவைப்பட்டால் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும், கண்ணாடி மேல் நேராகத் தெளித்தால் ஓரத்தின் வழியே உள்ளே இறங்கும். போட்டோவை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. மேலே இருப்பது ஜெலட்டின், தண்ணீர் பட்டால் இளகும். ரப்பர் ப்ளோயரால் ஊது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். இந்தப் பத்து நிமிஷச் சுத்தம் பின்னால் கம்ப்யூட்டரில் மணிக்கணக்காகத் தூசி பொறுக்குவதை மிச்சப்படுத்தும். படத்தின் பின்பக்கத்தையும் ஒரு ஸ்கேன் எடு. ஸ்டூடியோ முத்திரையும், தாத்தா பேனாவால் எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும்.

எண்பது, தொண்ணூறுகளில் வந்த சில கலர் பிரிண்ட்களின் மேல் தேன்கூடு மாதிரி சொரசொரப்பு இருக்கும். அதை ஸ்கேன் செய்தால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளிக் கட்டம் விழும். அந்தப் பிரிண்ட்டை ஒரு தடவை ஸ்கேன் செய், பிறகு தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு தடவை. இரண்டையும் நேராக்கி ஒன்றின் மேல் ஒன்றாக லேயரில் வைத்து, மேலேயுள்ளதை 50 சதவீதம் ஒளிபுகும்படி செய். ஸ்கேனர் விளக்கு ஒரே பக்கத்திலிருந்து அடிப்பதால் அந்தச் சொரசொரப்பின் பளபளப்பு இரண்டு ஸ்கேனிலும் வேறு வேறு பக்கம் விழுந்திருக்கும். சேர்த்ததும் பெருமளவு அடங்கிவிடும்.

சட்டம் போட்ட படங்கள் தனிக் கவலை. மழைக்கால ஈரத்தில் ஜெலட்டின் இளகி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்க்காதே. பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய், இல்லாவிட்டால் போனில் படம் பிடி. போனில் பிடிக்கும்போது ஃப்ளாஷ் வேண்டாம். நேர்வெயில் படாத ஜன்னலோரத்தில் படத்தைப் படுக்க வைத்து, போனைப் படத்துக்கு இணையாகப் பிடித்து, கொஞ்சம் விலகி நின்று 2எக்ஸ் லென்ஸில் எடு. கிட்டே போய் எடுத்தால் ஓரங்கள் வளையும். உன் பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் கண்ணாடியில் உன் பிம்பம் விழாது. கூகுளின் போட்டோஸ்கேன் ஆப் 2016லிருந்து இருக்கிறது. போனை நான்கு புள்ளிகளுக்கு நகர்த்தச் சொல்லி எடுத்து, பளபளப்பு விழாத பகுதிகளைச் சேர்த்துத் தரும். அவசரத்துக்கு நல்லது. வெளிச்சம் குறைவான இடமென்றால் போனை அசையாமல் ஸ்டாண்டில் வைத்து ஒரே படத்தைப் பல தடவை எடுத்துச் சராசரி கண்டுபிடி: நான்கு படத்தைச் சேர்த்தால் புள்ளிப்புள்ளியான இரைச்சல் பாதியாகும், பதினாறைச் சேர்த்தால் கால்வாசியாகும். நிஜமான விவரம் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும், இரைச்சல் ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும், அதனால்தான்.

இனி கம்ப்யூட்டரில்

காசு கொடுத்து எதுவும் வாங்காதே. கிம்ப் போதும். 1995ல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கியது, இன்றும் இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். ஃபோட்டோஷாப் ஏற்கெனவே இருந்தால் அதிலேயே செய், நான் சொல்லும் பெரும்பாலானவை இரண்டிலும் உண்டு. மூல ஸ்கேனைத் தொடாமல் தனி ஃபோல்டரில் வைத்துவிட்டு நகலில் வேலை செய். வேலை நடுவில் கிம்ப்பின் சொந்த வகையான எக்ஸ்சிஎஃப்பில் சேமித்தால் லேயர்கள் கலையாமல் இருக்கும்.

எதற்குப் பின் எது என்ற வரிசை முக்கியம். நேராக்கி வெட்டுவது, வெளிச்சம், நிறம், தூசியும் கிழிசலும், இரைச்சல், அளவு மாற்றுவது, எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஷார்ப்பன். எல்லோரும் எடுத்த எடுப்பில் ஷார்ப்பனை அழுத்துகிறார்கள். அது வாசல் பெருக்காமல் கோலம் போடுகிற வேலை. முகத்தோடு சேர்த்துத் தூசியும் கீறலும் கூர்மையாகி, பிறகு எடுக்கவே வராது.

வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் ‘பிரைட்னஸ்-கான்ட்ராஸ்ட்’ பக்கம் போகாதே. கலர்ஸ் மெனுவில் லெவல்ஸைத் திற. அங்கே மலை மாதிரி ஒரு வரைபடம் தெரியும். இடது ஓரம் 0, முழுக் கறுப்பு. வலது ஓரம் 255, முழு வெள்ளை. படத்தின் புள்ளிகள் எந்த வெளிச்சத்தில் எத்தனை இருக்கின்றன என்பதுதான் அந்த மேடு. மங்கிய படத்தில் மேடு முழுக்க நடுவில் குவிந்து, இரண்டு பக்கமும் வெறுமையாகக் கிடக்கும். இடது முக்கோணத்தை மேடு தொடங்கும் இடத்துக்கும், வலது முக்கோணத்தை முடியும் இடத்துக்கும் தள்ளு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்துக்கு உயிர் வரும். நடு முக்கோணத்தை இடப்பக்கம் நகர்த்தினால் முகங்கள் வெளுக்கும், வலப்பக்கம் நகர்த்தினால் கறுக்கும். மேட்டுக்குள் மட்டும் முக்கோணத்தைத் தள்ளாதே. தள்ளினால் அந்தப் பக்கம் இருந்த விவரமெல்லாம் ஒரே வெள்ளையாகவோ கறுப்பாகவோ அடைந்துபோகும்.

கலர் படம் சிவந்துபோயிருந்தால் என்ன செய்வது என்று கேட்பாய். கலர் பிரிண்ட்டில் சயான், மெஜன்டா, மஞ்சள் என்று மூன்று சாயங்கள் இருக்கின்றன. ஆல்பத்துக்குள் இருட்டில் இருந்த பழைய பிரிண்ட்களில் பெரும்பாலும் சயான்தான் முதலில் போகும். சிவப்பு ஒளியை அடக்கி வைத்திருந்ததே அந்தச் சாயம். அது போனதும் படம் முழுக்கச் சிவப்பு ஏறிவிடுகிறது. அதே லெவல்ஸ் பெட்டியில் மேலே ‘வேல்யூ’ என்று இருப்பதை ‘ரெட்’ என்று மாற்று. சிவப்பின் மேடு வலப்பக்கம் ஒதுங்கிக் கிடப்பது தெரியும். இடது முக்கோணத்தை அது தொடங்கும் இடத்துக்குக் கொண்டுவா. பச்சைக்கும் நீலத்துக்கும் அப்படியே. மூன்றையும் தனித்தனியாகச் சரிசெய்தால், போயே போய்விட்டது என்று நினைத்த தாவணிப் பச்சையும் வாழைமரமும் திரும்பி வருவதைப் பார்ப்பாய். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த நிமிஷம் அதுதான். அது இட்டுக்கட்டிய நிறம் இல்லை. மங்கிய சாயத்தில் மிச்சம் இருந்ததை எடுத்து விரித்தது. சரிபார்க்க வெள்ளை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைப் பார்: வேட்டி, சுண்ணாம்பு அடித்த சுவர், கண்ணின் வெண்மை.

கறுப்பு வெள்ளையையும் கலரில் ஸ்கேன் செய்யச் சொன்னேன் அல்லவா? காரணம் இது. பழைய தாளில் மஞ்சள் கறை படிந்திருக்கும். மஞ்சள் நீல ஒளியைத்தான் விழுங்கும், சிவப்பை விடும். அதனால் ஸ்கேனின் நீலச் சேனலில் கறை கரேலென்று தெரியும், சிவப்புச் சேனலில் பல சமயம் இருந்த இடமே தெரியாது. கலர்ஸ் மெனுவில் ‘மோனோ மிக்ஸர்’ போய் சிவப்பை மட்டும் வைத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் ஒரே சொடுக்கில் பாதிக் கறை போய்விடும். யாரோ நீலப் பேனாவால் கிறுக்கியிருந்தால் இதற்கு எதிர்: நீலச் சேனலை மட்டும் வைத்துக்கொள். கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்திருந்தால் இந்த வழியே கிடையாது.

தூசிக்கும் கீறலுக்கும் ஹீல் டூல். பக்கத்திலிருக்கும் சுத்தமான இடத்தை கன்ட்ரோல் பட்டனோடு தொட்டு, கறையின் மேல் தடவினால் அது கலந்து மூடும். கிழிந்து ஒரு துண்டே இல்லாமல் போன இடத்துக்கு க்ளோன் டூல். அது அப்படியே பிரதியெடுத்து ஒட்டும். சுவர், வானம், தரை இவற்றில் தாராளமாகச் செய். கண், உதடு, விரல் இவற்றில் கீறல் இருந்தால் சின்ன பிரஷ்ஷை எடுத்து, படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மெல்ல மெல்லச் செய். புதிய லேயரில் செய்தால் பிடிக்காததை அழித்துவிடலாம்.

‘டெஸ்பெக்கிள்’ என்று ஒன்று இருக்கிறது, படம் முழுக்கத் தூசியை ஒரே அழுத்தில் எடுக்கும். அது எப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொண்டு தொடு. ஒரு புள்ளியையும் சுற்றியுள்ள புள்ளிகளையும் எடுத்து, வெளிச்சப்படி வரிசையாக்கி, நடுவில் வருவதை அந்த இடத்தில் வைக்கும். சுற்றியிருப்பவற்றோடு சேராத தனிப்புள்ளி மறைந்துவிடும். நம் வீட்டுப் படங்களில் சுற்றியிருப்பவற்றோடு சேராத தனிப்புள்ளி எது? அப்பத்தாவின் மூக்குத்தி. நெற்றிப் பொட்டு. சுங்குடிச் சேலையின் புள்ளிகள். இந்த ஃபில்டருக்கு அவையெல்லாம் தூசிதான். அதனால் பின்புலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அதில் ஓட்டு. ஆளின் மேல் கையால்தான்.

ஷார்ப்பன் செய்ய ‘அன்ஷார்ப் மாஸ்க்’ எடு. ரேடியஸ் ஒன்றிலிருந்து இரண்டுக்குள், அமௌண்ட் 0.5க்குப் பக்கத்தில் தொடங்கு. படத்தை 100 சதவீத அளவில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தலைமுடியைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடினால் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். இது மங்கலான படத்தைத் தெளிவாக்குவதில்லை என்பதையும் தெரிந்துகொள். ஓரங்களின் கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டிக் கண்ணுக்குத் தெளிவாகக் காட்டுகிறது. கேமரா ஆடியதால் கலைந்துபோன படத்தை இதனால் மீட்க முடியாது. ஹப்பிள் தொலைநோக்கி 1990ல் விண்ணுக்குப் போனபோது அதன் கண்ணாடியில் வளைவு பிசகியிருந்தது. 1993ல் வீரர்கள் போய்ச் சரிசெய்யும் வரை, மங்கலாக வந்த படங்களைக் கணக்குப் போட்டுத்தான் ஓரளவு தெளிவாக்கினார்கள். ரிச்சர்ட்சன்-லூசி என்ற அந்த முறை கிம்ப்பில் ஜிமிக் என்ற இலவசச் சேர்க்கையிலும் இருக்கிறது. அவர்களுக்கு மங்கலின் வடிவம் நட்சத்திரங்களைப் பார்த்துத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. நமக்கு மாமா கேமராவை எந்தப் பக்கம் ஆட்டினார் என்று தெரியாது. லேசாக ஃபோகஸ் தவறியதற்கு முயற்சி செய்து பார், கைகால் பறந்த படங்களை அப்படியே விட்டுவிடு.

முகத்தின் நிறம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பத்தாவின் முகத்தை வெளுக்காதே.

பழைய கலர் படங்களில் நம் ஆட்கள் பலர் ஏன் இருண்டு, கண்ணும் பல்லும் மட்டும் தெரிகிற மாதிரி இருக்கிறார்கள்? வெளிச்சம் போதாதது ஒரு காரணம். இன்னொன்று, கலர் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய ஷர்லி கார்டு என்ற மாதிரிப்படத்தில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தார். அவருடைய தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று கணக்கு. 1990களில்தான் வேறு நிறத்தவர்களையும் சேர்த்த கார்டு வந்தது. ஆக அந்த இருட்டு நம் நிறம் இல்லை, அதைக் காட்டத் தெரியாத முறையின் குறை. நீ செய்ய வேண்டியது முகத்துக்கு வெளிச்சம் கொடுப்பது, நிறத்தை மாற்றுவது இல்லை. படத்தின் நகலை மேலே ஒரு லேயராக வைத்து, கர்வ்ஸில் நிழல் பகுதியை மட்டும் தூக்கு. அதற்குக் கறுப்பு மாஸ்க் போட்டு, முகங்களின் மேல் மட்டும் மென்மையான வெள்ளை பிரஷ்ஷால் தடவு. கன்னத்தின் மேடு, நெற்றிச் சுருக்கம், பாம்படம் இழுத்த காதின் நீளம் எல்லாம் எழுந்து வரும். அந்தக் கறுப்பும் பளபளப்பும் அப்படியே இருக்கும். ஆட்டோ பட்டன்களும் பியூட்டி ஃபில்டர்களும் இதைச் செய்யாது, நேரே வெளுக்கத்தான் பார்க்கும்.

ஏஐ ஆப்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கீறல் எடுக்க, பின்புலத்தைச் சீராக்க அவற்றைப் பயன்படுத்து, நேரம் மிச்சமாகும். முகத்தைத் ‘தெளிவாக்க’ விடாதே. அவை ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியவை. மங்கலான முகத்தைக் கொடுத்தால், அதற்குப் பொருந்தக்கூடிய ஒரு முகத்தைப் புதிதாக வரைந்து தரும். 2020ல் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய பல்ஸ் என்ற புரோகிராமுக்கு, கட்டம் கட்டமாகச் சிதைத்த பராக் ஒபாமாவின் படத்தைக் கொடுத்தார்கள். அது தெள்ளத் தெளிவான ஒரு வெள்ளைக்காரர் முகத்தைத் திருப்பித் தந்தது. ஒபாமாவை உலகத்துக்கே தெரியும், அதனால் பிடிபட்டது. நம் கொள்ளுத்தாத்தாவின் முகம் சரியா என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? நாளைக்கு உன் பிள்ளைகள் அந்தப் புது முகத்தைத்தான் அவர் என்று நம்பிக் கும்பிடுவார்கள். மங்கலாக இருந்தாலும் அவருடைய முகமே இருக்கட்டும். கறுப்பு வெள்ளைக்கு நிறம் போடுவதும் ஊகம்தான். அந்தச் சாம்பல் நிறச் சேலை அரக்கா பச்சையா என்று படத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆசைப்பட்டால் அத்தையிடம் கேட்டுப் போடு, நிறம் போடாத ஃபைலையும் கூடவே வை.

பெரிதாக்கிச் சட்டம் போடும்போது

வீட்டில் ஒருவர் தவறிவிட்டால் அவசரத்தில் ரேஷன் கார்டுப் படத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுகிறோம். அவர்களும் அவசரத்தில் கோட்டு மாட்டி, முகத்தை வெளுத்து, பின்னால் ஒரு பூந்தோட்டத்தை வைத்துத் தந்துவிடுகிறார்கள். வாழ்நாளில் கோட்டு போடாத மனிதர் சுவரில் கோட்டோடு நிற்பார். அதனால் பெரியவர்களின் நல்ல படம் ஒன்றை இப்போதே தயார் செய்து வை. இதில் அபசகுனம் எதுவும் இல்லை. அவர்களையே பக்கத்தில் உட்காரவைத்து எந்தப் படம் பிடித்திருக்கிறது என்று கேள், ஆசையாகச் சொல்வார்கள்.

கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு 300 டிபிஐ வேண்டும். சுவரில் மாட்டி எட்டி நின்று பார்ப்பதற்கு 150லிருந்து 200 போதும். குரூப் போட்டோவில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இருக்கும் முகத்தை 1200ல் எடுத்தால் 550 பிக்சல் அளவுக்குத்தான் கிடைக்கும். 200 கணக்கில் அது இரண்டே முக்கால் இன்ச் முகம். அதற்கு மேல் இழுக்காதே. பெரிய ஃபிரேம்தான் வேண்டும் என்று பெரியப்பா சொன்னால், நடுவில் சின்னப் படமாக வைத்து, சுற்றி அகலமான வெள்ளை மவுண்ட் போடச் சொல். ஊதிப் பெரிதாக்கிய மங்கல் முகத்தைவிட அது எவ்வளவோ லட்சணமாக இருக்கும்.

திருத்தும்போது ஸ்கிரீனின் வெளிச்சத்தைக் குறைத்து, நைட் லைட்டை அணைத்துவிட்டு வேலை செய். இல்லாவிட்டால் பிரிண்ட் இருண்டு வரும். பெரிய பிரிண்ட்டுக்கு முன் ஒரு 4க்கு 6 போட்டுப் பகல் வெளிச்சத்தில் பார். லேபில் கொடுக்கும்போது ‘கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் மிஷின் மறுபடி ஒரு தடவை வெளுக்கும். மேட் தாள் வாங்கு, விரல் ரேகை தெரியாது, டியூப்லைட் பளபளக்காது.

சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதற்கு மட்டும் ஜேபெக், தரம் 90க்கு மேல் வைத்து. வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும்; 2023ல் எச்டி என்று ஒரு பட்டன் வந்தது, அதிலும் கொஞ்சம் சுருக்கும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். மூலப் பிரதிகள் மூன்று இடத்தில் இருக்க வேண்டும்: உன் கம்ப்யூட்டர், ஒரு ஹார்ட் டிஸ்க், வேறு ஊரில் என் வீட்டிலோ கூகுள் டிரைவிலோ ஒன்று. பென்டிரைவை நம்பி எதையும் நிரந்தரமாக வைக்காதே. ஸ்கேன் முடிந்தது என்று அசல் படங்களை எறிந்துவிடாதே. நாளைக்கு இதைவிட நல்ல ஸ்கேனர் வரும்.

ஃபைலுக்கு ஸ்கேனர் வைக்கும் எண்ணை அப்படியே விடாமல், வருஷம், ஊர், இருப்பவர்கள் என்று அன்றன்றைக்கே பெயர் எழுது. வருஷம் நிச்சயமில்லை என்றால் ‘1970கள்’ என்று போடு. யாரென்று தெரியாத முகங்களைத் தனி ஃபோல்டரில் சேர். பெரியப்பாவுக்குப் பார்வை குறைந்துவிட்டது, போனில் காட்டினால் அடையாளம் தெரியாது. லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்து, ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிக் காட்டு. அத்தையையும் கூட உட்காரவை. ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். அவர்கள் சொல்லச் சொல்ல நீ எழுத முடியாது, போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு உட்கார்.